லேபிளில் பார்த்த சீமை

திருப்பூர் காதர்பேட்டைக்குப் பின்னால், ஓட்டு வீடொன்றில் நடந்த பனியன் கம்பெனியில்தான், 1989-ல் பத்தாம் வகுப்புப் பரீட்சை லீவில், நான் ஜெர்மனியை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளத்துக்கு வழுவழுப்பான வெள்ளை நாடா. அதில் வாயில் நுழையாத மொழியில் நாலு வரி, தண்ணீர்த் தொட்டி போல ஒரு படம், தொட்டிக்குள் 40 என்று ஓர் எண், கடைசியில் 'மேட் இன் இந்தியா'. 40 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் துவைக்கக் கூடாது என்று அர்த்தமாம். கல்லில் அடித்துத் துவைத்துப் பழகிய வீட்டுப் பிள்ளைக்கு, துணிக்கு வெந்நீர் போடுகிற ஊர் எப்பேர்ப்பட்ட குளிர்தேசமாக இருக்கும் என்று நினைத்து நினைத்துத் தீரவில்லை. மிச்சம் விழும் லேபிளையெல்லாம் கணக்கு நோட்டில் ஒட்டிவைத்தேன். உங்களில் சிலர் தீப்பெட்டிப் படம் சேர்த்திருப்பீர்கள், சிலர் தபால்தலை. எனக்கு வாய்த்தது அது.

என் வேலை பிசிறு வெட்டுவது. பக்கத்தில் செக்கிங் பார்த்த அக்கா சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, "ஒரு நூலு தொங்குனாலும் பையரு பூராத்தையும் திருப்பியுட்டுருவான், பாத்து வெட்டு கண்ணு" என்பார். அந்தப் பையரை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. 1978-ல் இத்தாலி வியாபாரி ஒருவர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததிலிருந்துதான், உள்நாட்டுக்குப் பனியன் போட்டுக்கொண்டிருந்த ஊருக்குக் கப்பல் வழி திறந்தது என்பார்கள். திறந்தாலும் நினைத்த அளவு அனுப்ப முடியாது. எந்த நாட்டிலிருந்து எத்தனை உருப்படி வரலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் அளந்து வைத்திருந்தன. கோட்டா கையில் இருந்தால்தான் ஷிப்மென்ட்.

1991-ல் என்னைக் கல்லூரியில் சேர்க்க அம்மா வளையலை அடகுக்கடைக்குக் கொண்டுபோனார். அதே ஜூலையில் ரிசர்வ் வங்கியும் 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி ஈடு வைத்திருந்தது என்று பேப்பரில் படித்தபோது, நாடும் எங்கள் வீடும் ஒரே வரிசையில் நிற்பதாகப் பட்டது. ரூபாயின் மதிப்பு அந்த மாதம் இரண்டு முறை இறங்கியது; ஒரு டாலருக்குக் கூடுதல் ரூபாய் வந்ததில் எங்கள் தெருவில் ஒன்றரை ஷிப்ட் ஓடியது. 2005 ஜனவரி 1-ல் கோட்டாவும் ஒழிந்தது. ஓட்டு வீடு இருந்த இடத்தில் நாலு மாடி.

நொய்யல் ஆற்றைத்தான் மறக்க முடியவில்லை. என்ன கலர் ஆர்டர் ஓடுகிறது என்று அப்போதெல்லாம் தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தத் தண்ணீர் கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, எத்தனையோ குடியானவர்களின் காட்டையும் கிணற்றையும் கெடுத்தது. உயர் நீதிமன்றம் சொல்லி 2011-ல் சாயப்பட்டறைகளை மூடியபோதுதான் ஊர் அந்தக் கணக்கைப் பார்த்தது. அந்தத் தொழிலின் சோற்றில் வளர்ந்த எனக்கும் அதில் பங்கு உண்டு.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கிய வாரம், நண்பரின் கம்பெனிக்குப் போயிருந்தேன். கட்டிய பெட்டிகள் சுவரோரம் கூரை வரை நின்றன. மேசையில் ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த அவள் செல்போன் உறைக்குள், அழுக்குப் படாமல், ஒரு வெள்ளை லேபிள் இருந்தது.