டீசல் எஞ்சின் சமர்ப்பிக்கும் மனு

பெறுநர்: இயக்குநர், கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை.

பொருள்: வைக்கம் – தவணக்கடவு தடத்தில் ஓடும் 'ஆதித்யா' படகால் மனுதாரருக்கு ஏற்பட்டுள்ள மானநஷ்டம்.

ஐயா,

மனுதாரர் ஒரு டீசல் எஞ்சின். வேம்பநாட்டுக் காயலில் பரம்பரையாகப் புகைவிட்டுப் பிழைத்து வருபவர். கூரையெல்லாம் சூரியத் தகடு பதித்த 75 பேர் படகு ஒன்றைத் தங்கள் துறை 2017 ஜனவரியில் வைக்கம் ஜெட்டியில் இறக்கிவிட்டது. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

பழைய படகில் மேலே நின்று சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணியடிப்பார். கீழே, எண்ணெய்ப் பிசுக்கோடு மனுதாரரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் அந்த மணியைக் கேட்டுத்தான் வண்டியை முன்னே விடுவார், பின்னே எடுப்பார். பயணிகள் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொள்வார்கள். எவ்வளவு ஜனரஞ்சகமான காட்சி! புதிய படகில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசும் குடும்ப ரகசியம் முழுதாகக் காதில் விழுகிறது.

அடுத்தது சிக்கன விவகாரம். மனுதாரர் குடிக்கும் டீசலின் ஆற்றலில் 40 சதவீதம் உந்துவிசிறிக்குப் போய்ச் சேர்ந்தாலே அவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார் என்று பொருள். மிச்சத்தைக் காயலுக்கும் காற்றுக்கும் வெப்பமாக வாரி வழங்கிவிடுகிறார். கர்ணன் பரம்பரை. டென்மார்க்கில் 2019 முதல் ஓடும் 'எலன்' என்ற பேட்டரிக் கப்பலோ, கரையிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் சுமார் 85 சதவீதத்தை விசிறிக்கே கொடுத்துவிடுகிறது. இந்தக் கஞ்சத்தனத்தை மனுதாரர் வன்மையாகக் கண்டிக்கிறார்.

ஆதித்யாவை வீழ்த்த அவரிடம் ஒரு யோசனை உண்டு: வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள். தண்ணீரில் வேகம் இருமடங்கானால் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்காகும். சுமார் 50 யூனிட் பிடிக்கும் பேட்டரி அப்புறம் எத்தனை நடைக்குத் தாங்கும்? ஆனால் ஆதித்யாவைக் கட்டியவர்கள் விவரமானவர்கள். எடை குறைந்த ஃபைபரில், ஒல்லியான இரட்டை அடிப்பகுதி வைத்து, 20 கிலோவாட் மோட்டார் இரண்டை மட்டும் பொருத்தி, நிதானமாகப் போனால் போதும் என்று விட்டுவிட்டார்கள். மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத தடத்தில் அவசரம் யாருக்கு?

கடைசியாக, மனுதாரரின் துருப்புச்சீட்டு: தீ. 2019 அக்டோபரில் நார்வேயின் 'இட்டரொய்னிங்கன்' படகின் பேட்டரி அறையில் தீப்பிடித்தது. மறுநாள் காலை, உள்ளே தேங்கிய வாயு வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் பலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. இதைச் சுவரொட்டி அடித்து ஒட்ட மனுதாரர் தயாராக இருந்தார். விசாரணை விவரம் வந்தபோதுதான் வாயடைத்துப் போனார். குளிர்விக்கும் திரவம் கசிந்திருந்தது. பேட்டரியோ கப்பலின் கண்காணிப்பு அமைப்போடு இணைப்பு இல்லாமல் கிடந்தது, சூடேறுவதைச் சொல்ல வழியில்லை. அன்று படகு ஓடியது டீசலில்! பயணிகளும் ஊழியர்களும் பத்திரமாகக் கரையேறினார்கள்.

2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவில் லித்தியம் டைட்டனேட் பேட்டரி வைத்திருக்கிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் அதில் மின்சாரம் குறைவாகத்தான் பிடிக்கும். ஆனால் எளிதில் தீப்பிடிக்காது, கால் மணி நேரத்தில் சார்ஜ் ஏறிவிடும். அந்த வாசலும் மனுதாரருக்கு அடைபட்டது.

ஆகவே அவர் தங்களிடம் வேண்டுவது: புதுப் படகுகள் எத்தனை வேண்டுமானாலும் வரட்டும். பேட்டரி அறையின் வெப்பநிலை கரைக்கு இடைவிடாமல் தெரியும்படி மட்டும் செய்துவிடாதீர்கள். வாயு வெளியேறத் தனி வழி வைக்காதீர்கள். தீ அணைந்த பிறகும் வெடிக்கக்கூடும் என்று தீயணைப்பு நிலையத்தாருக்குச் சொல்லித் தராதீர்கள். கண்காணிப்பு இணைப்பு அறுந்த படகையும் தடத்தில் விடுங்கள். இந்த நான்கையும் தாங்கள் மறந்தால்தான் மனுதாரருக்கு மறுபடி வேலை கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
டீசல் எஞ்சின்