ரசிகனுக்கு ஏன் இந்தக் கவலை?

கேள்வி: கால்பந்து ரசிகன் ஆட்டத்தைப் பார்த்தோமா, வீடு திரும்பினோமா என்றிராமல், கழக நிர்வாகத்தைப் பற்றியும் பொருளாதாரத்தைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்வானேன்?

பதில்: பணம் அவன் சட்டைப் பையிலிருந்து போகிறதே! 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளேசர் குடும்பத்தார் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை வாங்கியபோது, வாங்குவதற்காகப் பட்ட கடனில் பெரும்பகுதியை அந்தக் கழகத்தின் தலையிலேயே கட்டினார்கள். அன்று முதல் ரசிகன் தரும் டிக்கெட் பணம் வட்டிக்கும் சேர்ந்தே போகிறது. 2010-இல் கழகத்தின் பூர்வ நாமமான நியூட்டன் ஹீத்தின் பச்சையும் பொன்னிறமும் கலந்த கழுத்துத் துண்டை அணிந்து, ஆயிரக்கணக்கானோர் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்திலேயே தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்தனர். 2024-இன் இறுதியிலோ, பருவத்தின் நடுவே, எஞ்சிய டிக்கெட்டுகளுக்குக் குழந்தை, முதியவர் என்ற சலுகைகூட இன்றி 66 பவுண்டு விலை வைத்தார்கள். பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் சென்ற தகப்பனுக்கு 132 பவுண்டு ஆயிற்று. அவனுக்கு இதைவிடப் பெரிய பொருளாதாரப் பிரச்னை உண்டா? 2005-இலேயே மனம் வெதும்பிப் பிரிந்த சிலர், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு என்ற நியதியோடு எஃப்.சி. யுனைடெட் என்னும் தனிக் கழகம் கண்டு, பத்தாண்டுகளில் அதற்குச் சொந்த மைதானமும் அமைத்தனர். நிர்வாகம் நடத்தவும் ரசிகனுக்குத் தெரியும் ஐயா!