துருப்பிடிக்காத பைப்பைத் துருப்பிடிக்க வைப்பது எப்படி?

ஏழு பேர்ச் காணியில் வீடு எழும்பிவிட்டது. வாசற்படிக்கு சில்வர் பைப்பில் கைப்பிடி வைக்காவிட்டால் லயத்துச் சனம் என்ன நினைக்கும்? வையுங்கள். ஆனால் இந்தச் சாமான் லேசில் துருப்பிடிக்காது. கொஞ்சம் பாடுபட வேண்டும். பயப்படாதீர்கள், பாதி வேலையை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

1. கடைக்குக் காந்தத்தை மட்டும் கொண்டுபோங்கள். ஒட்டவில்லையா, அசல் சரக்கு என்று தலையாட்டுங்கள். 304 வகையில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிய 200 வரிசைப் பைப்பிலும் காந்தம் ஒட்டாது. விலை குறைவு, துரு சீக்கிரம். எந்த வகை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கடைக்காரர் மனம் நோகும்.

2. பைப்பைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாதீர்கள். குடிபுகும் நாள் போகட்டும், மகள் கல்யாணமும் போகட்டும். நுவரெலியாப் பனியும் மழையும் கிழிசல் வழியே இறங்கி உள்ளேயே குடியிருக்கும். சூட்சுமம் இதுதான்: இரும்பில் 10.5 சதவீதமாவது குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள ஒக்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கொள்ளும். கீறினாலும் காற்றுப்பட்டதும் தானே ஆறிவிடும். அந்தத் தோலைத்தான் நாம் பட்டினி போடுகிறோம்.

3. வெல்டிங் பாஸ் வரும் நாளில் இரும்புக் கேட் வேலையையும் சேர்த்துக் கொடுங்கள். கேட்டை அராவிய அதே சக்கரத்தால் பைப்பையும் அராவட்டும். பொறியோடு பறந்து ஒட்டிய இரும்புத் துகள், இரண்டு மழைக்குள் மூக்குத்திக் கல் மாதிரி சிவந்து நிற்கும். ஒட்டு விழுந்த இடத்தில் மயில்கழுத்து நிறம் தெரியும். அங்கே தோல் கருகியிருக்கிறது. சுத்தம் செய்தால் பிழைத்துவிடும். அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடுங்கள்.

4. தீபாவளிக்கு முதல் நாள் கம்பி நாரால் தேயுங்கள். போதாதா, கக்கூஸ் கழுவும் அசிட். அதுவும் போதாதா, பிளீச்சிங் பவுடரைக் குழைத்துப் பூசிவிட்டு, கழுவாமல் பலகாரம் சுடப் போங்கள். அந்தத் தோலில் ஊசித்துளை போடக் குளோரைட்டுக்கு நன்றாகத் தெரியும். (கடற்கரைக்காரர்கள் இதற்குப் பயந்து மொலிப்டினம் சேர்த்த 316 வாங்குவார்கள். அவர்களுக்கு உப்புக்காற்று இலவசம். நாம்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.)

5. மிச்சத் துண்டை வீசாதீர்கள். பீலிக்கு வரும், நாகம் பூசிய பழைய ஜி.ஐ. பைப்போடு நேரே முடுக்குங்கள். ஈரத்தில் இரண்டு உலோகம் கைகோத்தால், மூட்டுக்குப் பக்கத்தில் முதலில் நாகம் கரையும், பிறகு இரும்பு. சில்வர் துண்டு துரை பங்களா மாதிரி மினுங்கிக்கொண்டே இருக்கும், கரைவதெல்லாம் மற்றவன்.

6. கொழுந்துச் சாறு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். ஃபெக்டரியில் கொழுந்து படும் சாமான்கள் பலவற்றை சில்வரிலும் பித்தளையிலும் வைத்திருப்பது சும்மா இல்லை. நமக்கெதற்கு அந்தக் கட்டுப்பாடு? விருந்தாளி வந்ததும், பீலியில் முதலில் வரும் செந்தண்ணீரைப் பிடித்துச் சாயத்தண்ணி ஊற்றுங்கள். மைக்கூட்டில் நிரப்பலாம் போல வரும். அவர் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், "நம்ம தோட்டத்துத் தூளுங்க, சாயம் கூட" என்று சொல்லுங்கள்.

போகும்போது கைப்பிடியைப் பிடித்து இறங்கச் சொல்லுங்கள். வெள்ளைச் சட்டைக்காரர் என்றால் மறக்காமல்.