கப்பலைக் கிளப்பியவர்

கேள்வி: அடிமையாகப் பிறந்தவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனதுண்டா?

பதில்: போனார், அதற்குமுன் ஒரு கப்பலையும் கடத்தினார்! ராபர்ட் ஸ்மால்ஸ், 1839-ல் தென் கரோலினாவின் பியூஃபோர்ட்டில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது, 1862 மே 13 விடியுமுன், கப்பலின் வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருக்க, சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து தெற்குப் படையின் ‘பிளான்டர்’ கப்பலைக் கிளப்பினார். தலையில் கேப்டனின் வைக்கோல் தொப்பி. துறைமுகக் காவல் கோட்டையைக் கடக்கையில் பிசகாத ஊதல் சைகை. காவலர்கள் வழிவிட்டார்கள். வடக்குக் கடற்படையைக் கண்டதும் வெள்ளைத் துணி ஏறியது. மனைவி, பிள்ளைகள் உட்பட 16 பேருக்கு விடுதலை. என்ன நெஞ்சுரம்!

பழைய எஜமானரின் வீட்டையே பின்னர் விலைக்கு வாங்கினார். 1868-ல் மாநில அரசியல் சட்ட மாநாட்டில் இலவசப் பொதுப்பள்ளிக்காக வாதாடினார், சட்டமன்றத்திலும் அமர்ந்தார். 1875 முதல் பலமுறை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். 1895-ல் கறுப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறிக்கவந்த புதிய மாநில அரசியல் சட்டத்தை விடாமல் எதிர்த்தார். 1915-ல் பியூஃபோர்ட்டிலேயே காலமானார்.