கத்திரி வெயிலும் பல்லவ சரித்திரமும்

கோடைக் காலம் வந்துவிட்டால் சென்னைவாசிகள் இரண்டு வகுப்பாகப் பிரிந்துவிடுகிறார்கள். பணமும் விடுமுறையும் ஒருங்கே வாய்க்கப் பெற்றவர்கள் உதகமண்டலத்துக்கும் கோடைக்கானலுக்கும் போகிறார்கள்; இவ்விரண்டும் போதிய அளவு வாய்க்காதவர்கள் மாமல்லபுரத்துக்குப் போகிறார்கள். வெள்ளைக்காரர் ஆண்ட நாளில் சென்னை ராஜதானியின் சர்க்காரே வெயிலுக்கு அஞ்சி, தஸ்தாவேஜுகளை மூட்டை கட்டிக்கொண்டு நீலகிரி ஏறிவிடுவது வழக்கமாயிருந்தது. உயர் நீதிமன்றமும் மே மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டு விடுகிறது. இவ்வாறு ராஜ்யபாரமும் நீதி பரிபாலனமுமே ஒத்திவைக்கத் தக்கவை என்று பெரியோர் தீர்மானித்திருக்கும் பருவத்தில், ஒத்திவைக்கவே முடியாத அவசரத்துடன் இளந்தம்பதிகள் சிலர் குடையும் கூஜாவுமாக ஊர் பார்க்கப் புறப்படுகிறார்கள் என்றால், அதற்கு வெயிலையும் மீறிய ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்?

அந்தக் காரணத்துக்குக் கூட்டுக் குடும்பம் என்று பெயர். பாட்டியும் பெரியப்பாவும் அத்தையும் அத்தையின் சந்ததிகளும் நிறைந்த ஒரு வீட்டில், புதிதாக விவாகமான ஒருவன் தன் மனைவியைப் பார்த்து, "மணி என்ன?" என்று கேட்டால், பதில் அத்தையிடமிருந்துதான் வரும். சினிமாவுக்குப் போகிறோம் என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கடற்கரைக்கு என்றால் குழந்தைகள் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். க்ஷேத்திர தரிசனம் என்று சொல்லிவிட்டாலோ மறுப்பார் இல்லை. அதையும் கத்திரி வெயிலில் என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் உடன் வருவாரும் இல்லை. சித்திரை 21 வாக்கில் தொடங்கி வைகாசி 14 வாக்கில் முடியும் அக்கினி நட்சத்திரத்தைப் பற்றிப் பஞ்சாங்கம் என்ன சொன்னாலும் சரி, எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே தேனிலவுக்கு உகந்த சுபமுகூர்த்த காலம்.

எங்கள் யாத்திரைகளுக்கான ஆயத்தம் இரு தனி இலாகாக்களாக நடக்கும். சரித்திர இலாகா என்னுடையது: தொல்பொருள் துறையார் வெளியிட்ட சிறு புத்தகம் ஒன்றும், அதன் ஓரங்களில் நான் பென்சிலால் எழுதிக்கொண்ட குறிப்புகளும் அதன் சொத்து. மற்ற எல்லா இலாகாக்களும் என் சகதர்மிணியுடையவை: புளியோதரைப் பொட்டலம், தயிர்சாதம், வெள்ளரிப் பிஞ்சு, கூஜா நிறையத் தண்ணீர், பனையோலை விசிறி, ஆளுக்கொரு குடை. எந்த இடத்தில் இறங்கினாலும் நான் முதலில் தேடுவது கல்வெட்டு. அவள் முதலில் தேடுவது நிழல். நெடுநாள் வரையில் இவை ஒன்றுக்கொன்று விரோதமான இரண்டு தேடல்கள் என்றே நான் எண்ணியிருந்தேன்.

அக்காலத்தில் செங்கற்பட்டு வரையில் ரயில், அங்கிருந்து பஸ், இடையிலே திருக்கழுக்குன்றம். அந்த மலைமேல் நண்பகல் வேளையில் இரண்டு கழுகுகள் வந்திறங்கி, அன்னமிடுபவர் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டுவிட்டுப் பறந்து போவதைக் காண்பதற்கென்றே ஜனங்கள் கூடுவார்கள். பறவைகள் உச்சி வேளையில் வந்ததால் மனிதர்கள் பதினொரு மணிக்கே மலையேறத் தொடங்க வேண்டியிருந்தது. 500-க்கு மேற்பட்ட அந்தக் கற்படிகளில் செருப்பில்லாமல் ஏறும் எவரும், தூக்கிய திருவடியைக் கீழே வைக்க மனமின்றி, நடராஜப் பெருமானின் அபிநயத்தைப் படிக்கொரு தரம் பிடித்தே ஆகவேண்டும். அக்கழுகுகள் காசியில் நீராடி, கழுக்குன்றத்தில் அமுதுண்டு, ராமேசுவரத்தில் தங்குவதாக ஐதீகம் என்று நான் மூச்சிரைக்கச் சொன்னபோது, "ஒரே நாள்ல இவ்வளவும் முடியுதுன்னா, சாமான் தூக்காம வர்றதாலதான்" என்று அவள் கூஜாவை என் கைக்கு மாற்றினாள்.

இறங்கி வரும் வழியில் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் இருக்கிறது. அதன் தூண்களில், சதுரங்கப்பட்டினத்தில் வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே தங்கள் பெயர்களை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். புராதனச் சின்னங்களில் பெயர் கிறுக்கும் அநாகரிகத்தைக் குறித்து நான் ஒரு பிரசங்கத்துக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருக்கையில், குளிர்ந்த தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த என் மனைவி, "கல்லுல பேர் வெட்டற அளவுக்கு நேரம் உட்கார்ந்திருக்காங்கன்னா, வெளியில எப்பேர்ப்பட்ட வெயிலோ, பாவம்!" என்றாள். தமிழகச் சரித்திரத்தை நிழலைக்கொண்டு அளக்கும் சித்தாந்தம் உதயமான இடம் அதுவேயாகும். அந்நிய நாட்டு வியாபாரிகள் இங்கே எதற்காக வந்தார்கள் என்ற கேள்விக்கு மிளகு, துணி, சாயம் என்றெல்லாம் எங்கள் ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். மலைமேல் எதற்காக ஏறினார்கள் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

மாமல்லபுரத்தை அடைந்ததும் அந்தச் சித்தாந்தம் விசுவரூபம் எடுத்தது. அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும் பாறைச் சிற்பத்தின் எதிரில் நின்று, இதில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்பவன் பாசுபதாஸ்திரம் வேண்டிய அர்ச்சுனனா, ஆகாய கங்கையை வேண்டிய பகீரதனா என்பதில் அறிஞர்களுக்குள்ளே நெடுநாளாக வழக்கு நடந்து வருகிறதென்பதை நான் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். அவள் குடையைச் சற்று உயர்த்தி, யானைகளும் தேவர்களும் முனிவர்களும் மான்களும், எலிகள் சூழப் பொய்த்தவம் புரியும் அந்தப் பூனையுமாக நிறைந்த கூட்டத்தை நிதானமாகப் பார்த்தாள். பாறையின் நடுவிலுள்ள பிளவில் நாகங்கள் நீந்துவதையும், மேலிருந்து நீர் விழுவதற்கு வழி செய்திருந்ததாகப் புத்தகம் கூறுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இத்தனை ஜீவனும் தண்ணியைப் பார்த்துத்தானே ஓடி வருது? இந்த வெயில்ல நின்னு வரம் கேட்கறவன் அம்பா கேட்பான்? தண்ணிதான் கேட்பான்" என்று தீர்ப்புக் கூறிவிட்டு, இளநீர்க்காரனை நோக்கி நடந்தாள். நானும் பின்தொடர்ந்து சென்று பகீரதன் கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

பக்கத்திலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் அவளுடைய கொள்கைக்கு ஆதாரம் சிலையாகவே நின்றது. கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்து ஆயர்களையும் ஆநிரைகளையும் காத்த கண்ணனை, பல்லவச் சிற்பி வெட்டவெளிப் பாறையில்தான் செதுக்கினான். முன்னாலுள்ள தூண் மண்டபம் பிற்காலத்தில், விஜயநகர அரசர் நாளில் எடுக்கப்பட்டது. "ஊருக்கெல்லாம் குடை பிடிச்சவருக்கு ஒரு குடை பிடிக்கணும்னு யாருக்கோ தோணியிருக்கே!" என்று அவள் மெச்சியதைக் கேட்டபோது, விஜயநகர சாம்ராஜ்யத்தைப் பற்றி நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பக்கங்கள் எல்லாம் விஷயத்தைத் தொடாமலே போய்விட்டதாக எனக்குப் பட்டது. சரிவான பாறையிலே இதோ உருண்டுவிடும் என்ற பாவனையில் உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து என்னும் பிரம்மாண்டமான உருண்டைக் கல்லின் அடியில், ஆடுகளுக்குப் பக்கத்தில், அவள் புளியோதரையைப் பிரித்து வைத்தாள். நான் கொஞ்சம் தயங்கினேன். "இத்தனை நூறு வருஷமா விழாதது, நாம சாப்பிட்டு எழுந்திருக்கிற வரைக்கும் பொறுக்காதா?" என்றாள். பூமியின் ஆகர்ஷண சக்தியைப் பற்றி நான் படித்திருந்தவை அத்தனையும் அந்த ஆடுகளின் நிம்மதிக்கு முன்னால் எடுபடவில்லை.

கலங்கரை விளக்கத்தின் அருகிலுள்ள மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில், ஒரு பக்கச் சுவரில் பள்ளிகொண்ட பெருமாள் அரவணைமேல் ஆனந்தமாக அறிதுயில் கொள்ளுகிறார். எதிர்ச் சுவரில் துர்க்கை சிங்கத்தின்மீது ஏறி எருமைத்தலை அசுரனைத் துரத்துகிறாள். உறக்கத்தின் சாந்தத்தையும் போரின் வேகத்தையும் எதிரெதிரே நிறுத்திய கலைத்திறனைப் புத்தகம் வானளாவப் புகழ்கிறது. என் மனைவி இரண்டு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒருத்தர் படுத்துத் தூங்கறார், ஒருத்தி வேலைக்குப் போறா. யார் வீட்டைப் பார்த்துச் செதுக்கினானோ!" என்றாள். அன்று பிற்பகல் அந்த மண்டபத்தில் சற்றே கண்ணயரலாம் என்று எனக்கிருந்த உத்தேசத்தை நான் வெளியிடாமலே கைவிட்டேன்.

மாலைக்குள் பல்லவ வம்சத்தின் மதிப்பீடு பூர்த்தியாயிற்று. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றி மண்டகப்பட்டில் கோயில் குடைந்ததாகக் கல்வெட்டில் பெருமை பாராட்டிய மகேந்திரவர்மன், மலையைக் குடைந்து முழு நிழல் கொடுத்தபடியால், முதல் வகுப்பில் தேறினான்; மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகத்தையும் எழுதியவன் அவனே என்று நான் சொன்னதும், "நிழல்ல உட்கார்ந்தவனுக்குத்தான் சிரிப்பு வரும்" என்று அதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. அவன் மகன் மாமல்லன், மண்டபங்களையும் குடைந்து, ஒரே கல்லில் ரதங்களையும் செதுக்கியவனாகையால், பாதி நிழல். அந்தப் பாதியும் பெரும்பாலும் பீம ரதத்தின் தூண் தாழ்வாரத்தினால் வந்ததாகும். மாமல்லனுடைய கொள்ளுப்பேரன் ராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலின் முன்னே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணலும் கடலும் வானமும் ஒருசேரத் தகித்துக்கொண்டிருந்தன. இரட்டை விமானங்களின் எழிலை நான் வர்ணித்து முடிக்கும் வரையில் பொறுமையுடன் இருந்துவிட்டு, "கொள்ளுத்தாத்தா சம்பாதிச்ச நிழலையெல்லாம் இவர் இப்படி வெயில்ல விட்டுட்டாரே" என்று அந்த மன்னனைப் பற்றி அவள் வருந்தினாள். வம்சங்கள் படிப்படியாக க்ஷீணிப்பதற்குச் சரித்திராசிரியர்கள் காட்டும் காரணங்களுள் இதுவும் சேர வேண்டியதே.

ஆனால் அவள் பக்ஷபாதம் உள்ள நீதிபதி அல்லள் என்பது காஞ்சிபுரம் சென்றபோது விளங்கிற்று. அங்கே அதே ராஜசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்று மதிலை ஒட்டிச் சிறு சிறு சந்நிதிகளாக 58 இருக்கின்றன. கருவறையைச் சுற்றிவரும் பாதையோ, புகும்போதும் வெளிவரும்போதும் தவழ்ந்தே செல்லவேண்டிய அத்தனை குறுகலானது. தவழ்ந்து வலம் வந்தோர்க்கு மறுபிறவி இல்லை என்பார்கள். நான் உள்ளே புகுந்து, புத்தகத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு மோக்ஷத்தின் பாதையில் முக்கால் பங்கு தவழ்ந்தபோது, முன்னால் சென்றவள் நின்றுவிட்டாள். என்ன விபத்தோ என்று விசாரித்தால், "வெளியில வெயில். இங்க ஜிலுஜிலுன்னு இருக்கு. மோக்ஷத்துக்கு இப்ப என்ன அவசரம்?" என்று இருட்டிலிருந்து பதில் வந்தது. கடற்கரையில் இழந்த கௌரவத்தை ராஜசிம்மன் அந்தக் கணமே திரும்பப் பெற்றான். அன்று வரதராஜர் கோயிலுக்கும் போனோம். அங்கே அத்தி வரதர் அனந்தசரஸ் தீர்த்தத்தின் அடியில் பள்ளிகொண்டிருந்து, 40 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வெளியே எழுந்தருளுகிறார் என்று கேட்டதும், சித்திரை வெயிலை நன்கு உணர்ந்த தெய்வம் இதுவே என்று அவள் பக்தி சிரத்தையுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆயினும் அவளுடைய பட்டியலில் முதலிடம் எந்த அரசனுக்கும் கிட்டவில்லை. பிரம்ம ஞான சபையார் 1882-இல் வந்து குடியேறிய அடையாற்றுத் தோட்டத்திலே, விழுதுகள் தூண்களாக ஊன்றிப் பரந்து நிற்கும் ஆலமரத்தின் அடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அமர்ந்தோம். அதைக் கட்டியவர் யார், எந்த நூற்றாண்டுப் பாணி, யாருடைய கொடை என்றெல்லாம் கேட்க இடமில்லாமற் போகவே, என் புத்தகம் பையை விட்டு வெளியில் வரவில்லை. அன்றைய தினம் நாங்கள் பேசிய அளவுக்கு எந்தச் சிற்பத்தின் எதிரிலும் பேசியதில்லை. பேசிய விஷயத்துக்கும் பல்லவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

யோசித்துப் பார்த்தால், அவளுடைய சித்தாந்தம் அவ்வளவு புதிதுமன்று. அசோகச் சக்கரவர்த்தி, மனிதருக்கும் மிருகங்களுக்கும் நிழல் தரும்பொருட்டுச் சாலைகளில் ஆலமரங்களை நடச் செய்ததைத் தமது சாஸனத்திலேயே பொறித்து வைத்தார். அதைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தபோது, கலிங்கத்தை வென்றவருக்கு இது என்ன பிரமாதம் என்று நாங்கள் சிரித்ததுண்டு. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாளின் போர்களைத் தெற்கத்தியார் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். மரம் நட்டு அவள் போட்ட சாலைகளுக்கு மட்டும் இன்றளவும் மங்கம்மாள் சாலை என்றே பெயர். வெயில் கொளுத்தும் தேசத்தில் ஜனங்கள் கீர்த்தியை எந்த முழக்கோலால் அளக்கிறார்கள் என்பதை அறிய விரும்பும் அரசியல்வாதிகள், மே மாதத்தில் மனைவியுடன் ஒருநாள் பஸ்ஸில் பிரயாணம் செய்தால் போதும்.

வருகிற கோடைக்குத் தஞ்சைக்குப் போகலாம் என்று நான் யோசனை சொன்னேன். ராஜராஜ சோழன் 1010-இல் பூர்த்தி செய்த பெரிய கோயிலையும், ஏறக்குறைய 216 அடி உயர்ந்த அதன் விமானத்தையும் காணாதவன் தமிழனா என்று கேட்டேன். "அந்தக் கோபுரத்தோட நிழல் தரையிலேயே விழாதுன்னு சொல்றாங்களே? நிழல் விழாத கோபுரத்தைப் பார்க்கக் கோடையிலா போவாங்க?" என்று அவள் கேட்டாள். அது வெறும் கட்டுக்கதை, உச்சிப்பொழுது சாய்ந்த பிறகு போய் நின்ற எவரும் நிழலைக் கண்ணாரக் காணலாம் என்று நான் வாதாடினேன். வாதம் ஓயாமற் போகவே, தஞ்சையில் உத்தியோகம் பார்க்கும் அவளுடைய சித்தப்பாவுக்கு எழுதிக் கேட்டோம். பதில் வந்திருக்கிறது: "சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு அநேக ஆசீர்வாதம். விமானத்தின் நிழல் சந்தேகமறத் தரையில் விழுகிறது. சாயங்காலம் நானே நின்று பார்த்தேன். ஆயினும் கோபுர வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நிழலைப் போய் அடைவதற்குள் உள்ளங்கால் படும் பாட்டை உத்தேசித்து, நீங்கள் மார்கழியில் வருவதே உசிதம்."

கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மார்கழியில நிழலுக்கு என்ன மதிப்பு? சித்திரையிலேயே போகலாம்" என்றாள். விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.