பிரிவு 21: டெல்லி பதிப்பு

அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு சின்னது. சட்டம் சொன்ன வழியில் அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. அவ்வளவுதான். கான்சாபுரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தாலும் புரியும். உச்ச நீதிமன்றத்துக்குத்தான் 75 வருஷமாகப் புரிந்துகொண்டே இருக்கிறது.

1976 ஏப்ரல் 28. நெருக்கடி நிலை. உள்ளே தூக்கிப் போட்டால் ஆட்கொணர்வு மனுவோடு இங்கே வராதே என்றார்கள், ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர். மறுத்த எச்.ஆர். கன்னாவுக்குத் தலைமை நீதிபதி நாற்காலி கிடைக்கவில்லை. நால்வரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். அது தப்பு என்று 2017-ல் எழுதியவர் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட். ஒரு தப்பைத் திருத்த 41 வருஷம். அதற்கும் வாரிசு வரவேண்டியிருந்தது.

போகட்டும். இதே பிரிவு நம் விருதுநகர் மாவட்டத்துக்கும் வந்தது. பட்டாசு வழியாக.

2015-ல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் வழக்கு. புகை பிள்ளைகளின் நுரையீரலைக் கெடுக்கிறது என்றார்கள். நியாயமான வழக்கு, அதில் நமக்குச் சண்டை இல்லை. 2018 அக்டோபர் 23-ல் தீர்ப்பு. பேரியம் கூடாது. சரவெடி கூடாது. தீபாவளிக்கு இரண்டு மணி நேரம். எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் கடிகாரத்தைப் பார்த்துத் திரியைக் கொளுத்தினான். தொழில் உரிமையைவிட உயிர் பெரிது என்று விளக்கம் சொன்னார்கள். சரி, உயிர்தான் பெரிது.

யார் உயிர்?

நம் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் செத்தவர்களைப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறக்குறைய 40 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20 பேருக்கு மேல். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 10 பேர். இங்கே நுரையீரலைப் பற்றி யார் பேசினார்கள்? அடையாளம் காட்ட உடம்பு கிடைத்தால் போதும் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். அப்புறம் வழக்கமான சடங்கு. போர்மேன் கைது. முதல்வர் இரங்கல். நிவாரணத் தொகை. நாக்பூர் வெடிபொருள் துறை கொடுத்த லைசென்ஸை உள்வாடகைக்கு விட்டது விசாரணையில் தெரியவந்ததாம். ஒவ்வொரு தடவையும் புதிதாகவே தெரியவருகிறது! ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. அந்த விதியை மீறினால் செத்தவர்கள் எண்ணிக்கையில்தான் தெரியும்.

உச்ச நீதிமன்றம் சிவகாசியைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொன்னால் பாவம். குழந்தைத் தொழிலாளர் வழக்கு 1986-ல் தொடங்கியது. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்ற பெரிய தீர்ப்பு 1996 டிசம்பர் 10-ல் வந்தது. வழக்குப் போட்டபோது பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது இருபது. இனி குழந்தைத் தொழிலாளர் ஏது?

2025 செப்டம்பரில் தலைமை நீதிபதி கவாய் ஒரு கேள்வி கேட்டார். சுத்தமான காற்று டெல்லி மேட்டுக்குடிக்கு மட்டும்தானா? அட, நம் கேள்வி! பேப்பரை மடித்து வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தோம். அடுத்த மாதமே டெல்லியிலும் பசுமைப் பட்டாசுக்கு அனுமதி. எல்லோருக்கும் காற்று என்று ஆரம்பித்த பேச்சு, எல்லோருக்கும் புகை என்று முடிந்தது.

பசுமைப் பட்டாசுப் பெட்டி மேல் ஒரு கியூஆர் கோடு இருக்கிறது. செல்போனைக் காட்டினால் அசல் சரக்குதானா என்று சொல்லும். டெல்லிக்காரர் நிம்மதியாக வாங்கலாம். அந்தப் பட்டாசுக்கு மருந்து செலுத்திய அறையில் அன்று நாலு பேர் இருந்தார்களா, பதினாலு பேர் இருந்தார்களா? அதைச் சொல்ல எந்தக் கோடும் இல்லை.

மருந்துக் கலவையில் பேரியம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொன்ன நீதிமன்றத்துக்கு, அறையில் எத்தனை பேர் என்று கேட்பது பெரிய வேலையா? கனம் நீதிபதிகளே, அடுத்த சீசன் தொடங்குவதற்குள் கேளுங்கள். இந்தத் தடவையாவது தலைகளை உயிரோடு எண்ணுங்கள்.