சண்டை போட ஒரு விலாசம்

வீட்டில் சர்வர் வைத்து ஓட்டுகிறவர்களைப் பற்றி ஊருக்குள் அவ்வளவு உயர்வான அபிப்பிராயம் கிடையாது. கூகுள் சும்மா தருவதை, காசு போட்டு, கரண்ட் போட்டு, தூக்கம் கெட்டு, அதைவிடச் சுமாராகத் தானே செய்துகொள்கிற ஆசாமி என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டி, லினக்ஸ் ஏற்றி, போட்டோக்களுக்கு இம்மிச், ஃபைல்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், சினிமாவுக்கு ஜெல்லிஃபின், விளம்பரத்தைத் தடுக்கப் பை-ஹோல் என்று ஒவ்வொன்றாகக் குடியேற்றி, இரவும் பகலும் ஓடவிடுவதுதான் இந்தக் கலை. இவ்வளவு பாடுபட்ட பிறகு, போனில் ஏற்கெனவே இருந்த வசதி மறுபடியும் போனில் வந்து சேரும். உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது. சர்வர்காரர் கணக்குப் பார்த்தால் அந்த உழக்கே தவணையில் வாங்கியதாக இருக்கும். இத்தனையும் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன், சேலம் நாமக்கல் பக்கத்து மனிதர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை. சிக்கனம், அந்தரங்கம் என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்களை நான் நம்பவில்லை. ஒன்று கெட்டுப்போனால் யார் வாசலில் போய் நின்று கேட்பது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சமவெளியின் கொடுக்கல் வாங்கல் முழுக்க அந்த ஒரு விதியின் மேல்தான் நடக்கிறது.

ஜவ்வரிசி விலை இறங்கினால் ஓமலூர் மெயின் ரோட்டில் சேகோசர்வ் இருக்கிறது. 1981இல் ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கம், அதன் கேட் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு ஆலைக்காரருக்கும் தெரியும். முட்டை விலை இறங்கினால் நாமக்கல்லில் முட்டை ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. போர் போட்டுத் தண்ணீருக்குப் பதில் புகை வந்தால், திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் பக்கவாட்டிலேயே போன் நம்பர் எழுதியிருக்கும். இங்கெல்லாம் நியாயம் கிடைக்கிறதோ இல்லையோ, சத்தம் போட இடம் கிடைக்கும். அப்பேர்ப்பட்ட மனிதர், மகள் கல்யாண ஆல்பத்தையும் கிரயப் பத்திரத்தின் ஸ்கேனையும் மட்டும், வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத கம்பெனியிடம், படிக்காத நிபந்தனைகளுக்குக் கீழே ஒரு பொத்தானை அமுக்கி ஒப்படைத்துவிடுகிறார்.

அங்கே தகராறு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத் இன்ஜினீயர் ஒருவர் சாட்சி. இரண்டு வயதில் பாட்டி தன்னைக் குளிப்பாட்டிய படத்தை அவர் கூகுள் டிரைவில் ஏற்றி வைத்திருந்தார். அது குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படம் என்று முடிவு கட்டி, 2023 மே மாதம் கணக்கையே பூட்டிவிட்டார்கள். மெயில் போயிற்று, மெயிலை நம்பி நடந்த தொழிலும் நின்றது. கடைசியில் அவர் போய் நின்ற வாசல் குஜராத் உயர் நீதிமன்றம். 2024 மார்ச்சில் கூகுளுக்கு நோட்டீஸ் போயிற்று. பாட்டி குளிப்பாட்டியதற்கு ஹைகோர்ட்! சாமானியர் பாடுதான் இப்படி என்றும் சொல்ல முடியாது. வாடினாரில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததையடுத்து, 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் சேவைகள் நின்றன. அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடிய பிறகுதான் திரும்ப வந்தன. காசு கொடுத்துக் குடியிருந்தவர் கதி இது. காசு கொடுக்காமல் குடியிருந்தவர்கள் தமிழர்கள். அகத்தியர், மரபிலக்கியம், ராயர் காப்பி கிளப், பொன்னியின் செல்வன் என்று தமிழ் இணையத்தின் ஆரம்பகாலத் திண்ணைகள் பலவும் யாஹூ குழுமங்களாகத்தான் இருந்தன. 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது, 2020 டிசம்பரில் கடையே சாத்தப்பட்டது. தளை தட்டுகிறது, வரலாறு இடிக்கிறது என்று வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டவர்களுக்கு, யாஹூவோடு அடித்துக்கொள்ள மட்டும் ஒரு வழியும் இல்லாமல் போனது.

‘ஹார்ட் டிஸ்க் தாய்லாந்தில் செய்தது, மென்பொருள் யாரோ எழுதியது, இன்டர்நெட் லைன் இன்னொருவனுடையது, இதில் உன் சொந்தம் எங்கே வந்தது?’ என்று மடக்குகிறவர்கள் உண்டு. நாமக்கல்லில் நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்வது சுலபம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் வழியாக நெடுஞ்சாலையில் வெறும் சேஸிஸ் வரும். ஒரு எஞ்சின், சக்கரங்கள், ஒரு ஸ்டீயரிங், அதற்குப் பின்னால் தற்காலிகமாக மாட்டிய சீட்டில் துண்டைத் தலையோடு இறுக்கிக் கட்டிய டிரைவர். கண்ணாடி கிடையாது, கூரை கிடையாது; வழியிலுள்ள பூச்சியெல்லாம் அவர் முகத்தில்தான். பாடி கட்டும் பட்டறைக்கு வந்த பிறகுதான் அதற்குப் பலகை, ஆங்கிள், தகரம், பெயின்ட், நெற்றியில் குலதெய்வத்தின் பெயர் எல்லாம் ஏறும். எஞ்சினை அசோக் லேலண்ட் செய்தது, ஆகவே வண்டி என்னுடையதில்லை என்று எந்த லாரி ஓனராவது சொல்லிக் கேட்டதுண்டா? என்ன லோடு ஏற்றுவது, எந்த மெக்கானிக்கிடம் விடுவது, எப்போது விற்பது என்ற மூன்றும் கையில் இருந்தால் அது சொந்த வண்டி. வீட்டு சர்வரில் இந்த மூன்றும் கையில் இருக்கின்றன. மென்பொருளை எழுதியவர் மனசு மாறினாலும் கவலையில்லை, மூல நிரல் பொதுவில் கிடக்கிறது. ஓன்கிளவுட் என்ற மென்பொருளைத் தொடங்கியவரே அதிலிருந்து வெளியேறி 2016இல் நெக்ஸ்ட்கிளவுடை ஆரம்பித்தார். எம்பி என்ற மென்பொருள் தன் நிரலை மூடிக்கொண்டபோது, அதுவரை திறந்திருந்ததை எடுத்துக்கொண்டு 2018இல் தனிக்குடித்தனம் போனதுதான் ஜெல்லிஃபின். இந்த உலகமே பாகப்பிரிவினையில்தான் வளர்கிறது, நமக்குப் புதிதல்ல.

இனி கரண்ட். எதிர்த்தரப்பின் பலமான வாதம் இங்கேதான், ஆனால் அது சர்வர் வைப்பதைவிட சர்வர்காரரின் ஆசையைத்தான் அதிகம் அடிக்கிறது. கம்பெனிகள் கழித்துப்போட்ட ராக் சர்வர் மலிவாகக் கிடைக்கிறது என்று கனத்த இரும்பைத் தூக்கி வருவார்கள். அது சும்மா நின்றாலே 150 வாட் இழுக்கும். இரண்டு மாத பில்லில் 216 யூனிட். அரசாங்கம் இலவசமாகத் தரும் யூனிட்டையெல்லாம் அது ஒன்றே குடித்துவிட்டு, கோடையில் ஏசியோடு சேர்ந்து வீட்டை 500 யூனிட்டுக்கு மேலே தள்ளிவிடும். அங்கே ரேட்டே வேறு. சத்தமோ, வீட்டுக்குள் மாவு மில். இதே வேலையை 15 வாட்டில் ஓடும் உள்ளங்கை அகலப் பெட்டி செய்யும். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 22 யூனிட்தான். அடுத்து, பெரிய டேட்டா சென்டர்கள் 99.999 சதவீதம் என்று பெருமை பேசும், அதாவது வருஷத்துக்கு ஐந்து நிமிஷம்தான் நிற்குமாம். நம் பக்கம் ஐந்து நிமிஷம் லைன்மேன் ஏணியைச் சாத்துவதற்கே போய்விடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் ஊர்ப் பெயர்களைப் போட்டு காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்தினால், அந்த ஒரு நாளிலேயே மாதக் கணக்கு 98.9க்கு இறங்கிவிடும். அதனால் என்ன? எட்டு மணி நேரம் பழைய போட்டோ பார்க்காமல் இருந்து செத்தவர் யாரும் இல்லை. வீட்டு இன்வெர்ட்டரே போதும், ஆனால் அதன் முதுகுப்புறம் யாரும் தொடாத ஒரு சின்ன சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது, சர்வர் மட்டும் செத்துப் பிழைக்கும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் ஆட்கள் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சூட்டுக்கும் டிஸ்க் சாவதற்கும் நினைத்த அளவுக்குத் தொடர்பில்லை, மிக அதிகச் சூட்டில்தான் தெரிகிறது என்பது அதில் ஒரு முடிவு. இதைக் காட்டிப் பரண்மேல் சர்வர் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த டிஸ்க்குகள் சித்திரை மாதச் சேலத்தில் கான்கிரீட் கூரைக்கு ஒரு முழம் கீழே, பித்தளை அண்டாவுக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கவில்லை. அந்த ‘மிக அதிகச் சூடு’ நமக்கு மத்தியான வெயில். வீட்டில் காற்றோட்டமான கீழ் அறை எதுவோ அங்கே வையுங்கள். பெட்டிக்குள் புகும் எறும்புக்கு மட்டும் வழி சொல்ல எந்த ஆய்வுக் கட்டுரையும் இல்லை.

வெளியூரிலிருந்து வீட்டு சர்வரை எட்டிப் பிடிப்பது தனிக் கூத்து. பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே 430 கோடிக்குள்தான்; உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் உள்ளூர்க் கேபிள்காரர் தரும் லைனில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரி இருக்கும். வெளியிலிருந்து வருகிறவனுக்கு உங்கள் சர்வர் கண்ணில் படாது. இதைத் தாண்ட டெயில்ஸ்கேல், கிளவுட்ஃபிளேர் என்று வழிகள் உண்டு. பெரிய கம்பெனியிடமிருந்து தப்பிக்க இன்னொரு பெரிய கம்பெனியா என்று நீங்கள் சிரித்தால் அது நியாயமான சிரிப்பு. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் படுத்தபோது உலகத்தில் பாதி பேர் முழித்தார்கள். ஆனால் கேபிள்காரர் விஷயத்தில் என் கட்சி ஜெயிக்கிறது. லைன் போனால் அவர் பைக்கில் நேரில் வருவார், திட்டு வாங்குவார், டீ குடிப்பார், கம்பத்தில் ஏறுவார். ஒன்றை மட்டும் விட்டுவிடலாம் என்பது என் தீர்மானமான எண்ணம், மெயில் சர்வர். வீட்டு லைனிலிருந்து போகும் மெயிலைப் பெரிய கம்பெனிகள் பிச்சைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்து ஸ்பேமில் தள்ளும். அங்கே சண்டை போட விலாசம் இல்லை என்பதை மேலேயே பார்த்தோம்.

எனக்கே பதில் சொல்லச் சிரமமான ஆட்சேபம் வேறொன்று. சர்வரை வைத்த, சண்டை போட வேண்டிய ஆளே இல்லாமல் போய்விட்டால்? சேலத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. தமிழ்ப் படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறிக்கொண்டிருந்த காலத்தில், டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். அடுத்தவன் ஸ்டுடியோவில் முறைக்குக் காத்துக் கிடக்காமல் எல்லாவற்றையும் சொந்த இடத்திலேயே வைத்துக்கொண்டவர் அவர். முதல் மலையாளப் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் அங்கிருந்து போயிற்று; 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழுக்கு வண்ணம் கொண்டுவந்தது. நூற்றுக்கும் மேல் படங்கள். 1963இல் சுந்தரம் மறைந்தபோது பொறுப்பெடுக்க மகன் இருந்தார், படங்கள் தொடர்ந்தன. அப்படியும் இன்று மிச்சம் நுழைவு வளைவுதான். வீட்டு சர்வர்காரருக்கோ அந்த மகன்கூடக் கிடையாது. இருக்கிற மகன் பெங்களூரில் இருக்கிறான், அவனுக்கு வேலையே கிளவுடில்தான். ஆகவே பீரோவில் பட்டா இருக்கும் உறையிலேயே ஒரு தாள் இருக்க வேண்டும். எந்தப் பெட்டி, எந்த பிளக், என்ன பாஸ்வேர்டு, போட்டோக்கள் எந்த ஃபோல்டரில் சாதாரண ஃபைலாகக் கிடக்கின்றன, எதுவும் புரியாவிட்டால் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு யாரிடம் போவது. பெரும்பாலோர் இந்தத் தாளை அழகாக எழுதி, பத்திரமாக அந்த சர்வருக்குள்ளேயே சேமித்து வைக்கிறார்கள்.

போட்டோக்களுக்கு எங்களை மட்டுமே நம்பாதீர்கள் என்று இம்மிச்சைச் செய்தவர்களே எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். கோடை இடி ஒன்று விழுந்தால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே போகும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். வேறு ஊர் என்றால் சிங்கப்பூர் தேவையில்லை, சேலத்திலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் நாமக்கல் சம்பந்தி வீடு போதும். அங்கே ஒரு குட்டிப் பெட்டி, இங்கே அவர்களுக்காக ஒன்று. ராத்திரியில் ஒன்றுக்கொன்று பிரதி எடுத்துக்கொள்ளும். ரெஸ்டிக் மாதிரி மென்பொருள் எல்லாவற்றையும் பூட்டியே அனுப்புவதால் நம் வீட்டு நகைக் கணக்கு அவருக்குத் தெரியாது, அவர் நிலத்தகராறு நமக்குத் தெரியாது. சம்பந்தியோடு மனஸ்தாபம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வரத்தான் செய்யும், வந்த அன்றைக்கே அவர் பிளக்கைப் பிடுங்குவார், அடுத்த விசேஷத்துக்குள் தானே மாட்டிவிடுவார். அவர் மீட்டரில் ஏறும் 22 யூனிட்டுக்கு சீசனில் ஒரு கூடை சேலம் குண்டு மாம்பழம் அனுப்பினால் சரியாகிவிடும். பதிலுக்கு இரண்டு அட்டை முட்டை வரும். இந்தக் கணக்கில் ஜிஎஸ்டி கிடையாது.